எட்டாம் வகுப்பும் ஒரு கப்பல் படமும்

அக்டோபர் 6, திங்கள்

எட்டாம் வகுப்புக்கு அட்லாண்டிக் அடிமை வணிகம் தொடங்கியாயிற்று. லிவர்பூலில் இந்தப் பாடம் எடுப்பது ஒரு மாதிரியான விஷயம். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட ஆற்றங்கரைக்குத்தான் பிள்ளைகள் சனிக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறார்கள்.

பாடம் எண்களில் தொடங்கும். ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம். மறுகரையில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் இந்த முறை படங்களில் தொடங்குகிறேன்.

பழைய தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முன்பு வேறொரு பள்ளியில், கப்பலில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டி, பிள்ளைகளை அதில் படுக்கச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே படுத்தார்கள். வகுப்பிலிருந்த ஒரே கறுப்பினச் சிறுமி படுக்கவில்லை. மறுநாள் அவள் அம்மா வந்தார். கோபப்படவில்லை. "என் மகளுக்கு அது விளையாட்டு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு டேப்பை விட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

'புரூக்ஸ்' கப்பலின் தளப்படம். எங்கள் ஊர்க் கப்பல்தான். 1788-ல் பிளிமத்தில் அச்சிட்டார்கள். அடுத்த வருஷம் லண்டனில் விரிவாக்கி ஆயிரக்கணக்கில் பரப்பினார்கள். ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். லண்டன் படத்தில் 482 உருவங்கள் உண்டு. கப்பலோ அதற்கு முன்பு ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருக்கிறது.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மிஸ், இதை வரைந்தவர்கள் யார் பக்கம்?"

அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் என்றேன்.

"அப்புறம் ஏன் எல்லாரையும் ஒரே ஆள் மாதிரி வரைந்திருக்கிறார்கள்?"

வியாபாரி எப்படிச் சரக்காகப் பார்த்தானோ, அதை அப்படியே காட்டினால்தான் ஜனங்களுக்கு உறைக்கும் என்று நினைத்தார்கள் என்றேன்.

"அப்போ நாமும் இப்போ வியாபாரி மாதிரிதானே பார்க்கிறோம்?"

சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது, தப்பித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆங்கில ஓவியர் டர்னர் 1840-ல் காட்சிக்கு வைத்த ஓவியம். தலைப்பைச் சொல்லாமல் திரையில் போட்டு ஐந்து நிமிஷம் பார்க்கச் சொன்னேன். "அழகான சூரிய அஸ்தமனம்", "புயல் வருது", "கப்பல் குட்டியா இருக்கு". மூன்றாவது நிமிஷத்தில் ஒரு பையன் எழுந்து திரைக்குப் போய் வலது மூலையைத் தொட்டான். "இது கால்." விலங்கு மாட்டிய கால், சுற்றிலும் மீன்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கைகள் தெரிய ஆரம்பித்தன.

அப்புறம் 'சோங்' கப்பலின் கதையைச் சொன்னேன். 1781-ல் குடிநீர் போதாது என்று சொல்லி 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு இன்ஷூரன்ஸ் கேட்டார்கள். 1783-ல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது இந்தப் பணத் தகராறுதான். கொலைக்காக யார் மேலும் வழக்கு நடக்கவில்லை. உரிமையாளர்களில் முக்கியமானவரான வில்லியம் கிரெக்சன் இதே ஊரில் மேயராக இருந்தவர் என்றதும் வகுப்பு கொஞ்சம் நெளிந்தது.

இந்த ஓவியத்தைச் சில காலம் வீட்டில் வைத்திருந்தவர் விமர்சகர் ரஸ்கின். கடலையும் வெளிச்சத்தையும் உருகி உருகிப் புகழ்ந்தவர், அது அடிமைக் கப்பல் என்பதை அடிக்குறிப்பில் போட்டார். என் பிள்ளைகள் மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்ததை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

எக்வியானோ. அடிமையாக விற்கப்பட்டு, பின்பு விடுதலை பெற்றவர். 1789-ல் வெளியான தன் வரலாற்றில், கப்பலில் ஏற்றப்பட்ட சிறுவன் அந்த வெள்ளைக்காரர்கள் தன்னைத் தின்றுவிடுவார்களோ என்று நடுங்குகிறான். இந்த இடம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. சோங் சேதியை அடிமை வணிக எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சொன்னவரும் இவர்தான் என்றேன். ஒரு பெண், "அப்படின்னா அவர் படத்துக்கு வெளியே இருந்து பேசுறவர்" என்றாள்.

வகுப்பில் ஆங்கிலத்தில் 'அடிமைகள்' என்பதை விட்டு 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்கிறோம். தமிழில் இந்தக் குறிப்பை எழுதும்போது கை பழைய சொல்லுக்கே போகிறது. 'அடியேன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட மொழி வேறு.

அக்டோபர் 23, வியாழன்

'வியாபாரி மாதிரிதானே பார்க்கிறோம்' என்ற பின் பெஞ்சுக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில். 1807-ல் பிரிட்டன் இந்த வணிகத்தைத் தடை செய்த பிறகு, கடற்படை பிடித்த கப்பல்களிலிருந்து இறக்கியவர்களைப் பதிவேட்டில் எழுதினார்கள்: பெயர், வயது, உயரம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன், கியூபாவின் ஹவானா பதிவேடுகளிலிருந்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். மொரிஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் கூலிகளாகப் போன நம்மவர்கள் பெயரும் இப்படித்தான் சிதைந்தது.

நான் ஒரு பெயரை வாசித்தேன். திரையில் காலைக் கண்டுபிடித்த பையன், வீட்டில் மேற்கு ஆப்பிரிக்க மொழியான யொரூபா பேசுகிறவன், தலையை ஆட்டினான். "அப்படி இல்லை, மிஸ்." ஏற்றி இறக்கி ஒருமுறை சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன். அதுவும் தப்பாம்.

நாளையோடு பள்ளி முடிந்து ஒரு வாரம் விடுமுறை. போகும்போது இரண்டு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டான். "பாட்டிகிட்ட காட்டணும். அவங்களுக்கு எல்லாத்தையும் சரியா சொல்லத் தெரியும்."