டிரெய்லரில் படகு உட்காரும் விதம்

மச்சான் வாங்கிய பழைய ஃபைபர் படகு டிரெய்லரோடு அம்மாபேட்டையில் என் பட்டறைக்கு வந்து நிற்கிறது. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூருக்கு இழுத்துப் போகணுமாம். படகு பரவாயில்லை, அதைத் தாங்கும் கட்டைகள்தான் மோசம். விரிப்பு நைந்துபோய், நகத்தால் கீறினாலே மரம் பொடியாக உதிர்கிறது.

“மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சு விட்டா போதாதா மாப்ள?”

போதாது. தண்ணீர் படகின் அடி முழுக்கப் பரவித் தாங்கும். டிரெய்லரில் அந்த வேலை நீளவாட்டில் ஓடும் இரண்டு கட்டைகளுடையது. படகுக்குள் ஓடும் நீளச் சட்டங்களுக்கு நேர் கீழே அவை இருக்கணும், மோட்டார் மாட்டும் பின்பலகை வரைக்கும் எட்டணும். பழையவை ஒரு சாண் குறைவு. மோட்டார் பாரம் பின்னால் அந்தரத்தில் தொங்கினால், ரோட்டுக் குலுக்கலில் கட்டை முடியும் இடத்தில் அடிப்பாகம் மெல்ல வளைந்துவிடும். அப்படி வளைந்த படகு வேகமெடுத்தால் மூக்கைக் கீழே அமுக்கும்.

தேக்குச் சட்டம் அறுத்தாச்சு. போல்ட் தலை மரத்துக்குள் நன்றாகப் புதையணும். துருத்தினால் ஃபைபரைக் கீறிவிடும். மேலே நைலான் விரிப்பு. தேங்காய் நார் மலிவுதான், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி, பலகை அண்டக்கொடுத்து, ஒவ்வொன்றாக மாற்றுகிறேன்.

சக்கர பேரிங்கும் சத்தம் போடுகிறது. அது மச்சான் செலவு.