கூடத்துக் கதவு: ஐந்து ஞாயிறு, ஆறு கோட் பெயின்ட்

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் தாத்தா வீட்டைப் புதுப்பிக்கிறோம். கொத்தனார் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற இரட்டைக் கதவும் நிலையும் என் பொறுப்பு என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மேலே இருப்பது பிரவுன் எனாமல். ஒரு மூலையைப் பிளேடால் சுரண்டினால் கீழே சிமென்ட் கலர், அப்புறம் க்ரீம், வெளிர் நீலம், பச்சை, மறுபடியும் பச்சை. ஆறு கோட். வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கோட் என்று சித்தி கணக்குச் சொன்னார். எந்தக் கல்யாணத்துக்கும் பழையதைச் சுரண்டவில்லை என்பதும் தெரிந்தது.

முதல் ஞாயிறு உப்புத்தாளோடு உட்காரப் போனேன். நல்லவேளை, அதற்கு முன்பே ஈயம் சோதிக்கும் குச்சிகளை வரவழைத்திருந்தேன். அடிப் பச்சையில் தேய்த்ததும் குச்சியின் முனை சிவந்துவிட்டது, ஈயம் இருக்கிறது என்று அர்த்தம். பழைய எனாமல்களில், அதிலும் மஞ்சளிலும் பச்சையிலும், ஈயக் குரோமேட் சேர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர் தேய்ப்பு கிடையாது. தூசிதான் ஆபத்து, குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். அக்கா பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, மூக்குக்கு நல்ல மாஸ்க், தண்ணீர் தெளித்தபடி சுரண்டல், சுரண்டியதெல்லாம் கட்டிய பையில். வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுத்தால் நுண்தூசி பின்பக்கம் வழியாக வெளியே வந்துவிடும் என்பதால் ஈரத்துணிதான்.

இரண்டாவது ஞாயிறு ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதிப் பெயின்டை இளக்கும் கருவி. சூட்டை 400 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ரொம்ப ஏற்றினால் ஈயம் புகையாகக் கிளம்பும். பெயின்ட் அப்பளம் மாதிரி பொங்கும்போதே பட்டித் தகட்டைச் செருகித் தள்ள வேண்டும், கருக விடக் கூடாது. பலகைகளில் இது சுகமான வேலை. ஆறு கோட்டும் ஒரே பட்டையாகச் சுருண்டு வரும்போது நிறுத்தவே மனம் வராது. அந்தக் குஷியில் கதவுக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடியை மறந்துவிட்டேன். பக்கத்துச் சட்டத்தைச் சூடாக்கியபோது நீலக் கண்ணாடி ஒன்று 'டிக்' என்று குறுக்கே விரிந்தது. அந்த நீலம் இப்போது கிடைக்கவில்லை. அம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாவது ஞாயிறு செய்ததை இப்போது செய்ய மாட்டேன். சிக்கனமாக முடிக்கலாம் என்று காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஒரு பலகையில் பூசினேன். பெயின்ட் கஞ்சியாக வழிந்தது, உண்மை. கூடவே தேக்கும் கருத்துப்போனது, காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு. வினிகர் கலந்த நீரால் இரண்டு முறை கழுவி, காய்ந்தபின் ஆக்ஸாலிக் அமிலம் பூசியதில் முக்கால்வாசி நிறம் திரும்பியது. பக்கத்துப் பலகையோடு ஒப்பிட்டால் இப்போதும் தெரிகிறது.

நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி. அதற்குச் சூடும் வேண்டாம், காஸ்டிக்கும் வேண்டாம் என்று ஜெல் ரிமூவர் வாங்கினேன். தடிமனாகப் பூசி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டால் காயாது. முக்கால் மணி நேரம் ஊறும். நான்காவது ஞாயிறு முழுக்க யானைகளின் தும்பிக்கையிலேயே போனது. பல் தேய்க்கும் பிரஷ், மூங்கில் குச்சி, கொஞ்சம் பித்தளை பிரஷ். இரும்புக் கம்பிப் பிரஷ் மட்டும் கூடாது, உடைந்த துகள் ஈர மரத்தில் கறுப்புப் புள்ளியாகிவிடும். பக்கக் கடைசல்களின் பள்ளங்களுக்குச் சணல் கயிறுதான் கைகொடுத்தது: சுற்றிப் போட்டு, தயிர் கடைவது போல இழுக்க வேண்டும். கஜலட்சுமியின் முகத்துக்கு மூக்கு இருப்பது எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது ஞாயிறுதான் விஷயமே. இடது நிலைக்காலின் அடியில் சுரண்டும்போது மரத்தின் நிறம் சட்டென்று மாறியது. ஒரு அடி உயரத்துக்கு வேறு மரம், ஒட்டும் ஆணியும் தெரிகிறது. கொத்தனாரோடு வந்திருந்த ஆசாரியைக் கூப்பிட்டேன். விரலால் தட்டிப் பார்த்தார்.

"கரையான் தின்னுருக்கும் தம்பி. வெட்டிட்டு வேப்பம்பலகைய ஒட்டவச்சிருக்காங்க. அதான் பெயின்ட்."

"அப்ப முழுசும் பர்மா தேக்குன்னு தாத்தா சொன்னது?"

"மேல தேக்குதான்."

மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். ஒட்டு கெட்டியாக இருக்கிறது, கரையானும் இப்போது இல்லை. வேண்டாம் அண்ணே என்றேன். எண்ணெய் பூசினால் அந்த ஒரு அடி மட்டும் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துத் தெரியும். ஆகவே இரண்டு நிலைக்காலின் அடியிலும் ஒரு அடிக்கு மறுபடி அதே பிரவுன், மற்ற இடத்துக்கு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.

கூடத்துத் தூண்கள் நான்கும் அப்படியே நிற்கின்றன. அதிலும் கடைசல் வேலைதான். சணல் கயிறு இரண்டு உருண்டை வாங்கி வைத்திருக்கிறேன்.