நெத்திலி இருக்கும் வீட்டில் நாற்காலியை நகர்த்துவதில்லை

எங்கள் வீட்டுக் கூடத்து நாற்காலிகள் ஓராண்டுக்கும் மேலாக ஒரே இடத்தில் இருக்கின்றன. வந்தவர் யாரேனும் மின்விசிறிக்கு நேராக ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டால், அவர் வாசலைத் தாண்டும் முன்பே என் மாமியார் அதைப் பழைய இடத்தில் வைத்துவிடுவார். பார்வையற்ற பூனை ஒன்று எங்களோடு வளர்கிறது. அதன் நினைவில் பதிந்திருக்கும் வீடு குலையாமல் பார்த்துக்கொள்வதே அதற்கு நாங்கள் செய்கிற பெரிய பணிவிடை.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர, தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் பல குடியிருப்புகளை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்தபின் முதுநகரில் மீன் வாங்கப் போனபோது, கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் பெட்டிக்கு அடியில் இந்தக் குட்டி கத்திக்கொண்டிருந்தது. ஒரு மாத வயது இருக்கலாம்; தாயைக் காணவில்லை; சீழ் காய்ந்து இரு இமைகளும் ஒட்டிப்போயிருந்தன. எனக்கு வழக்கமாக மீன் தரும் அம்மா, “கண்ணு போன குட்டிய வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற? பொழைக்காது, வுட்டுடு” என்றார்; சொன்ன கையோடு அதைச் சுற்றி எடுத்துப்போகத் தம் தோளில் கிடந்த துண்டையும் கொடுத்தார். உடல் மெலிந்து கிடந்ததால் நெத்திலி என்று பெயர் வைத்தோம்.

தெருவில் பிறக்கும் குட்டிகள் பார்வையிழப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஹெர்பிஸ் வைரஸால் வரும் பூனைச் சளிதான். பிறந்து 7 முதல் 14 நாள்களுக்குள் திறக்க வேண்டிய இமைகளுக்குள் சீழ் தேங்கினால், கருவிழியில் புண் உண்டாகி, அது ஆழமாகிக் கண்ணையே துளைத்துவிடும். தொடக்கத்திலேயே கண்ணைத் துடைத்து மருந்திட்டால் பல குட்டிகளுக்குப் பார்வை தப்பும். ஆனால் தாய்ப்பால் விடுவதும், வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான கண் சொட்டுமருந்தை ஊற்றுவதும் நம் பக்கத்தில் இன்னும் வழக்கமாக இருக்கின்றன. அந்தச் சொட்டுமருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் மேலும் மோசமாகும் என்பதால், மருத்துவர் பார்க்காமல் எதையும் விடக்கூடாது. நெத்திலியின் இமைகளை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் சிறிது சிறிதாக இளக்கித் திறந்தபோது, இடது விழி ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தது. வலது விழி முழுவதும் வெள்ளைத் தழும்பாகியிருந்தது. எடை கூடி உடல் தேறிய பிறகு இடது விழியை அறுவை செய்து அகற்றினார்கள். வலி தீர்ந்ததால்தானோ என்னவோ, அதற்குப் பிறகே அது விளையாடத் தொடங்கியது.

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் ஊட்டக்கூடாது. முதலில் உடல் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் அதற்குச் செரிக்காது. பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும் என்பதால், பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தோம்.

வீட்டைக் கற்றுக்கொண்ட விதம்தான் எங்களை வியக்கவைத்தது. முதலில் ஓர் அறையை மட்டும் கொடுத்தோம். சுவரை மீசையால் தடவிக்கொண்டே அது சுற்றியது. பூனைக்கு முன்னங்கால்களின் பின்புறத்திலும் மீசை முடிகள் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனிதக் காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண்ணான 20 கிலோஹெர்ட்ஸைப் போல மூன்று மடங்குக்கும் மேலான அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் காதுகள் அதற்கு இருப்பதால், சுவருக்குள் ஓடும் பல்லியின் திசைகூட அதற்குத் தப்புவதில்லை. தூக்கிக்கொண்டுபோய் நடுக்கூடத்தில் இறக்கிவிட்டால் மட்டும் திகைத்து நின்றுவிடும். ஆகவே தூக்கினால் சோற்றுத் தட்டருகிலோ மணல் தட்டருகிலோதான் இறக்க வேண்டும். தொடும் முன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். தட்டுகளின் இடம் மாறவே கூடாது. இந்த ஒழுங்கெல்லாம் பூனைக்கு எளிதாக வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிய இடத்திலேயே விட்டுப் பழகிய என் கணவருக்குத்தான் மாதங்கள் பிடித்தன.

உணவிலும் கண்ணைத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை சிதையும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் அந்தச் சத்து நாம் தாராளமாக வைக்கும் பால்சோற்றில் போதுமான அளவு கிடையாது. அதற்காகப் பச்சை மீனையே நாள்தோறும் போடுவதும் சரியில்லை. சில மீன்களிலுள்ள நொதி தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். காரப்பொடி மீனை உப்பும் மிளகாயும் இல்லாமல் அவித்து முள் நீக்கி, பூனைக்கான உலர்தீவனத்தோடு கலந்து தருகிறோம்.

மொட்டை மாடிக் கதவைச் சாத்தி வைப்பதும், கிணற்றுக்குக் கம்பிவலை போட்டதும் சொல்லாமலே விளங்கும். வெளியே விடுவதில்லை என்றாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாகிவிட்டது, கருத்தடையும் செய்தாயிற்று. தீபாவளிதான் கடினம். இரு காதுகளைக் கொண்டே நடமாடும் உயிருக்கு வெடிச் சத்தம் திசைகளை எல்லாம் அழித்துவிடுவதால், அன்று மாலையே சன்னலில்லாத சாமான் அறையில் அதன் தட்டுகளையும் பழைய துண்டையும் வைத்து உள்ளே விட்டு, வெடி ஓயும்வரை வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கிறோம்.