ஏணி எங்கே? ஒரு விமர்சகனின் அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 2

இந்த மாதத்துக்கு இரண்டு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று வருடாவருடம் செய்வது: ஐஎஃப்காம்ப் என்ற போட்டிக்கு வந்த, கதையை வாசித்தே ஆடும் எழுத்து விளையாட்டுகளை முடிந்த மட்டும் ஆடி மதிப்பெண் போடுவது. இன்னொன்று, முதன்முதலாக கேம் செய்திருக்கும் ஒருவர் அனுப்பிய பாயிண்ட் அண்ட் கிளிக் சாகசம், அதாவது திரையில் உள்ள பொருட்களை மவுஸால் கிளிக் செய்தே புதிர் விடுவிக்கும் விளையாட்டு. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் வெளியாகவில்லை, வெளியாகும்போது அவரே சொல்லட்டும்.

கதை ஒரு ரயில் சிக்னல் கேபினில் நடக்கிறது. மறுநாள் அதை மூடப்போகிறார்கள். கடைசி இரவு வேலைக்கு ஒரு பெண் வருகிறாள், வெளியே மழை, வரவேண்டிய ரயிலைக் காணோம். அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோவில் செய்தது. கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1997-இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் கேம் செய்கிறவர்கள் பலர் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள். படம் 320-க்கு 200 புள்ளி. அந்தச் சின்னச் சட்டத்துக்குள் மழை கண்ணாடியில் வழிவதை இவர் வரைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே முதல் ஐந்து நிமிடம் எதையும் கிளிக் செய்யாமல் இருந்தேன்.

“தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்” என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நானும் என் முதல் கேமை அனுப்பியபோது அப்படித்தான் எழுதினேன். எதிர்பார்த்தது பாராட்டு.

அக்டோபர் 3

ஒரு மணி பத்து நிமிடம் மாட்டிக்கொண்டேன்.

கேபினின் கூரை ஓரத்தில் ஒரு விளக்கு அணைந்திருக்கிறது. அதை எரியவைக்க வேண்டும். கை எட்டவில்லை. நாற்காலியை நகர்த்தப் பார்த்தேன், “அது ஆணி அடித்தது” என்கிறாள். பெட்டியை அடுக்கப் பார்த்தேன். கொடிக்கம்பால் தட்டினேன். கொடிக்கம்பில் கம்பியைக் கட்டித் தட்டினேன். பையில் இருந்த ஒன்பது பொருட்களையும் விளக்கின் மேல் வரிசையாகத் தேய்த்தேன். சாகச விளையாட்டு ஆடியவர்களுக்கு இந்த அவமானம் பழக்கமானது: யோசிப்பதை நிறுத்திவிட்டு சாவிக்கொத்தில் உள்ள எல்லாச் சாவியையும் போட்டுப் பார்க்கிற நிலை.

ஏணி இருக்கிறது. கதவுக்குப் பின்னால், திரையின் வலது ஓரத்தில், மேல் இரண்டு படி மட்டும் தெரிகிறது. பழுப்பு மரச்சுவரில் பழுப்பு ஏணி. மொத்தத் திரையில் 64,000 புள்ளிகள், அதில் ஏணிக்கு விழுந்தது நாற்பது தேறலாம். இதற்குப் பிக்சல் வேட்டை என்று பெயர், வெறுத்தே வைத்த பெயர். பலமாக ஒரு தும்மல் வந்தது, மவுஸ் ஓரத்துக்கு ஓடியது, “ஏணி” என்று எழுத்து தெரிந்தது. புதிரை விடுவித்தது என் மூளை இல்லை, மூக்கு.

அக்டோபர் 5

அவருக்குக் குறிப்பு எழுதினேன். விமர்சனம் எழுத ஒரு மணி நேரம் போதும், இந்தக் குறிப்புக்கு மூன்று மணி நேரம் ஆனது. எந்தப் பதிப்பில் ஆடினேன், எங்கே என்ன செய்தேன், எந்த இடத்தில் எழுத்து திரைக்கு வெளியே போனது, எந்த இடத்தில் பிழைச்செய்தி வந்து கேமே நின்றது. நின்ற இடத்துக்கு முன்னால் எடுத்த சேவ் கோப்பையும் சேர்த்து அனுப்பினேன். “உங்கள் கேம் நின்றுபோகிறது” என்று மட்டும் சொன்னால் செய்தவருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் கணினியில் அது நிற்காது, நின்றிருந்தால் நமக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொன்னேன். முதல் காட்சியிலேயே கம்பிச்சுருளை எடுத்துக்கொள்ள விடுகிறார், அது எதற்கென்று தெரிவது நாலு காட்சி தள்ளி. சாகச விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் 1989-இலேயே ஒரு கட்டுரையில் புலம்பிய விஷயம் இது: முதலில் பள்ளம் கண்ணில் படட்டும், அப்புறம் கயிறு கிடைக்கட்டும். கயிறு முதலிலேயே பையில் இருந்தால், பள்ளத்தைப் பார்த்ததும் ஆடுகிறவர் யோசிப்பதில்லை, பையைத்தான் துழாவுகிறார். கில்பர்ட் சும்மா சொல்லவில்லை. 1987-இல் வந்த தன்னுடைய மேனியாக் மேன்ஷன் விளையாட்டில் தானே செய்த தப்புகளையும் நினைத்துத்தான் எழுதினார்.

ஏணியைப் பற்றி: “அதன் மேல் ஒரு மினுமினுப்பு வைத்தால் கண்ணில் படும்” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 8

ஐஎஃப்காம்ப் விளையாட்டுகள் மூன்று முடிந்தன. 1995 முதல் நடக்கும் போட்டி. யார் வேண்டுமானாலும் நடுவர். குறைந்தது ஐந்து விளையாட்டுகளுக்காவது மதிப்பெண் போட வேண்டும், ஒன்றிலிருந்து பத்து வரை. ஒரு விளையாட்டை எவ்வளவு நேரம் ஆடினாலும் முதல் இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் மதிப்பெண்.

அந்த இரண்டு மணி நேர விதியை முன்பெல்லாம் திட்டியிருக்கிறேன். பெரிய விளையாட்டு செய்தவனுக்கு அநியாயம் இல்லையா? இப்போது தலைகீழாக நினைக்கிறேன். வேலை முடித்து வந்து உட்காரும் ஆளிடம் ஒரு இரவில் எவ்வளவு கேட்கலாம் என்பதைச் செய்பவருக்கு அது பழக்கிவிடுகிறது. சின்னதாகவும் முழுதாகவும் ஒன்றைச் செய்து முடித்தவர் அடுத்ததும் செய்கிறார். பத்து மணி நேரக் காவியம் தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் அத்தியாயத்தோடு காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே எனக்குப் பிடித்த பரிசு முதல் பரிசு இல்லை. யாருக்குக் கிடைத்த மதிப்பெண்கள் மிக அதிகமாகச் சிதறியிருக்கின்றனவோ, அதாவது பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்து மீதிப் பேர் தூக்கியெறிந்த விளையாட்டு எதுவோ, அதற்கு ஒரு தங்க வாழைப்பழம் உண்டு. எல்லோரும் ஆறு போட்ட விளையாட்டை விட அதைத்தான் முதலில் தேடிப் போவேன்.

அக்டோபர் 9

தலைவலி. ஆடவில்லை.

அக்டோபர் 12

நேற்று இரவு ஒரு போட்டி விளையாட்டில் செமத்தியாக ஏமாந்தேன். ஆரம்பத்தில் மேசை மேல் இருந்த தீப்பெட்டியை எடுக்காமல் கதவைத் தாண்டிவிட்டேன், கதவு பூட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து, சுரங்கத்தில், தீப்பெட்டி இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. விளையாட்டு மூச்சே விடவில்லை.

எழுத்து விளையாட்டுகள் செய்கிற ஆண்ட்ரூ புளாட்கின் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார், கருணை உள்ளதில் தொடங்கிக் கொடூரமானது வரை ஐந்து படி. புதிர் கடினமா சுலபமா என்பது அதில் கணக்கில்லை. நீ தோற்றுவிட்டாய் என்பதை விளையாட்டு உனக்கு எப்போது சொல்கிறது என்பதுதான் கணக்கு. நேற்று ஆடியது ஐந்தாம் படி. அதே துறையைச் சேர்ந்த கிரஹாம் நெல்சன் 90-களில் எழுதிய ஆட்டக்காரரின் உரிமைப் பட்டியலிலும் இது உண்டு: முற்பிறவிகளின் அனுபவம் இல்லாமலே ஜெயிக்க முடிய வேண்டும். செத்துச் செத்துப் பிறந்து, போன பிறவியில் எங்கே குழி இருந்தது என்ற ஞானத்தோடு மட்டுமே தாண்டக்கூடிய வாசல் இருக்கக்கூடாது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், கர்மவினையைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள்.

ஆனால் எழுத்து பிரமாதம். ஏழு போட்டேன். தீப்பெட்டிக்கு இரண்டு பிடித்தம்.

அக்டோபர் 14

சிக்னல் கேபினின் இரண்டாம் பதிப்பு வந்தது. எல்லாப் பிழைகளையும் சரிசெய்துவிட்டார், பத்து நாளுக்குள். ஏணியும் மின்னுகிறது.

ஐயோ, அப்படி மின்னுகிறது. இருட்டு, மழை, தனியாக ஒரு பெண், மூடப்போகும் கேபின், ஓரத்தில் விளம்பரப் பலகை மாதிரி ஓர் ஏணி. உள்ளே நுழைந்ததும் கண் வேறெங்கும் போகவில்லை. முதல் தடவை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த மழையை இந்தத் தடவை பார்க்கவே இல்லை.

அவர் மேல் தப்பில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

அக்டோபர் 15

ராத்திரி முழுக்க இதே யோசனை. ஏணி விஷயத்தில் எனக்கு என்ன நேர்ந்தது என்று அவரிடம் சொல்லவே இல்லை. நோயாளி மருத்துவரிடம் போய் எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மருந்துச்சீட்டை நீட்டினால் எப்படி, அதைச் செய்திருக்கிறேன். பல வருடமாக விமர்சனம் எழுதி வந்த பழக்கம்: குறை கண்டவுடன் தீர்வும் சொன்னால்தான் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு.

ஏணியை ஏன் பார்க்கவில்லை? மறுபடி முதலிலிருந்து ஆடிப் பார்த்தேன். பழுப்பு நிறம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு. அதற்கு முந்தைய மூன்று காட்சிகளிலும் திரை ஓரத்தில் எதுவுமே இல்லை. வெறும் சுவர். ஓரம் என்றால் சுவர் என்று கேமே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, நானும் நல்ல மாணவனாகக் கற்றுக்கொண்டேன். அப்புறம், அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கதவுப் பக்கம் திரும்புவதில்லை.

இதை மட்டும் எழுதினேன். எந்த நிமிடத்தில் என்ன நினைத்தேன், எதை எதிர்பார்த்தேன், எப்போது கோபம் வந்தது. மினுமினுப்பைப் பற்றி, “அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, மன்னியுங்கள்” என்று ஒரு வரி. என்ன செய்யலாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. விரல் அரித்தது உண்மை.

அக்டோபர் 19

பழைய பாவம் ஒன்று ஞாபகம் வந்து தூக்கம் கெட்டது. விமர்சனம் எழுதத் தொடங்கிய புதிதில் ஓர் இலவச கேமைக் கிண்டலடித்துக் கிழித்துத் தொங்கவிட்டேன். படித்தவர்கள் ரசித்தார்கள், எனக்கும் பெருமை. செய்தவர் இரண்டு நாளில் அதை எடுத்துவிட்டார். அப்புறம் தேடிப் பார்த்தேன், எங்கும் பிரதி இல்லை. அந்த விளையாட்டைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருப்பது என் கிண்டல் மட்டும்.

காசு கொடுத்து வாங்கும் பெரிய கேமை எவ்வளவு திட்டினாலும் அது கடையில் இருக்கும். அமெச்சூர் விளையாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காக எல்லாவற்றையும் ஆஹா ஓஹோ என்று எழுதவும் என்னால் முடியாது, அது இன்னொரு வகை அவமரியாதை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போவதைத்தான் இப்போது அறவே விட்டுவிட்டேன். அந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அன்றிலிருந்து ஆடிய எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன். உலாவியில் ஓடும்படி ஃபிளாஷ் மென்பொருளில் செய்த சின்னச் சின்னத் தப்பிக்கும் விளையாட்டுகள் எத்தனை, 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. ஃபிளாஷ்பாயிண்ட் என்று சிலர் முன்கூட்டியே சேகரிக்கத் தொடங்கியிருக்காவிட்டால் முக்கால்வாசி போயிருக்கும். பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருள், 2021-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ விளையாட்டுகளையும் ஓட்டுகிறது. ஓட்டுவதற்குக் கோப்பு கையில் இருந்தால்தானே.

அக்டோபர் 23

வேலை நெருக்கடி. நடுவில் ஒரு வீண் ஆராய்ச்சி: கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் பார்சர் விளையாட்டில் தமிழில் கட்டளை கொடுத்தால் எப்படியிருக்கும்? ஆங்கிலத்தில் முதல் சொல்லே வினை, அதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. இவ்வகை விளையாட்டுகளைச் செய்ய உதவும் இன்ஃபார்ம் போன்ற கருவிகள் அந்த நம்பிக்கையில் எழுந்தவை. நாமோ “விளக்கை எடு” என்போம், வினை கடைசியில். அதோடு விளக்கை, விளக்கால், விளக்கில், விளக்கோடு. ஒவ்வொரு பொருளுக்கும் அத்தனை உடுப்பு. “எடு விளக்கு” என்று தட்டிப் பார்த்தேன், யாரையோ அதட்டுவது போல இருக்கிறது. யாராவது செய்தால் முதல் பிழை அறிக்கை என்னுடையது.

அக்டோபர் 27

மூன்றாம் பதிப்பு. மினுமினுப்பு இல்லை. ஏணி பழைய இடத்தில், பழைய பழுப்பில், அதே நாற்பது புள்ளி.

ஆனால் இப்போது ஆரம்பத்தில் அவள் நனைந்துகொண்டே உள்ளே வருகிறாள், கதவைச் சாத்துகிறாள், மழைக்கோட்டைக் கழற்றி அந்த ஏணியின் மேல் படியில் மாட்டுகிறாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அப்புறம் கேபினில் இருக்கும் நேரமெல்லாம் திரையின் ஓரத்தில் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகிறது. போகும்போது, கோட்டை எங்கே வைப்பது என்று அவளே ஒரு கணம் தயங்குகிறாள்.

இது எனக்குத் தோன்றியிருக்காது. பதினைந்து வருடம் விமர்சனம் எழுதினாலும் தோன்றியிருக்காது.

அக்டோபர் 28

அக்கா மகன் வந்திருந்தான். கேமைக் கொடுத்து உட்கார வைத்து, திரையைப் பதிவுசெய்ய விட்டு, வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஏணியைப் பத்து நொடியில் எடுத்துவிட்டான். எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு.

அப்புறம் தொலைபேசி. நான் யோசிக்காமலே கடந்துபோன இடம். அடுத்த நிலையத்துக்குப் பேச வேண்டும், எண்ணும் சுவரில் எழுதியிருக்கிறது. இவன் எண்களை வரிசையாகக் கிளிக் செய்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. வேகமாகச் செய்கிறான். மெதுவாகச் செய்கிறான்.

“மாமா, இது பக்கு. நம்பரை அமுக்கினா வேலை செய்யல.”

நான் பேசவில்லை.

“மாமா, நிஜமாவே உடைஞ்சிருக்கு.”

சுழற்றும் தொலைபேசியை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. துளையில் விரலை வைத்துத் தகட்டை இழுக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இருபத்து மூன்று நிமிடம். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததில் நிஜமாகவே வலித்தது. கடைசியில் கோபத்தில் மவுஸை அழுத்தி இழுத்தான், தகடு பாதி சுற்றித் திரும்பியது. “ஓ!” என்றான். அந்த “ஓ!” பதிவில் தெளிவாக இருக்கிறது.

ராத்திரி கோப்பை அனுப்பினேன். கூடவே ஒரே வரி: பதினோராவது நிமிடத்திலிருந்து பாருங்கள்.