முராங்காவின் அவசரநிலைக் கிராமங்கள்: அனுமதிக் கடிதம் முதல் வாசிப்பு அறை வரை

கென்யாவில் 1952 அக்டோபர் 20 அன்று பிரிட்டிஷ் ஆளுநர் ஈவ்லின் பேரிங் அவசரநிலையை அறிவித்தபின் நடந்தவற்றுள் தூக்குமேடைகளைப் பற்றியும் தடுப்பு முகாம்களைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 1954இன் நடுப்பகுதியில் தொடங்கி 1955 முடிவதற்குள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகூயு மக்களை அவர்களுடைய மலைச்சரிவு வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்து, முள்வேலியும் அகழியும் காவல் கோபுரமும் சூழ்ந்த 800க்கும் மேற்பட்ட புதுக் கிராமங்களில் அடைத்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய, மாவ் மாவ் என்று ஆட்சியாளர்கள் குறிப்பிட்ட நில, விடுதலைப் படையினருக்குக் காட்டுக்குள் உணவு போய்ச் சேராமல் தடுப்பதே இதன் முதன்மை நோக்கம். ஆண்களில் பலர் முகாம்களில் இருந்ததால் இந்தக் கிராமங்களில் அடைபட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான். அன்று ஃபோர்ட் ஹால் என்றும் இன்று முராங்கா என்றும் அறியப்படும் பகுதியில் இது எப்படி நடந்தது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். ஆப்பிரிக்க வரலாற்றில் ஆய்வு செய்ய விரும்பும் தமிழ் மாணவர்கள் சிலர் இதற்கான நடைமுறைகளைக் கேட்டு எழுதுவதால், நான் கடந்துவந்த வழியை இங்கே பதிவு செய்கிறேன்.

நான் படித்தது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியல் துறையில். 1955இல், ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவை விடுதலை பெறுவதற்கு முன்பே, தொடங்கப்பட்ட துறை அது. ஸ்வாஹிலியை அடிப்படையிலிருந்து அங்கேதான் கற்றுக்கொண்டேன். கிகூயு மொழி கற்க டெல்லியில் எனக்கு வழி கிடைக்கவில்லை.

கென்யாவில் ஆய்வு செய்ய அந்நாட்டின் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கத்துக்கான தேசிய ஆணையத்தின் உரிமம் வேண்டும். நைரோபியில் எல்லோரும் இதை நகோஸ்டி என்றே சொல்வார்கள். விண்ணப்பம் இணையவழியில்தான். ஆனால் அதற்கு முன்பாக வெளிநாட்டவர் கென்ய நிறுவனம் ஒன்றிடமிருந்து இணைப்புக் கடிதம் பெற்றிருக்க வேண்டும்; மனிதர்களை நேர்காணல் செய்வதாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இந்த இரண்டும்தான் காலத்தை விழுங்குபவை. நான் முதலில் அணுகிய நிறுவனம் பல மாதங்கள் பதில் தராமல் இருந்துவிட்டுப் பிறகு, இந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று ஒரே வரியில் தெரிவித்தது. இன்னொரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் என் ஆய்வுத் திட்டத்தை முழுவதும் படித்து, ஆவணங்களை மட்டும் நம்பாமல் கிராமங்களுக்கும் போக வேண்டும் என்ற நிபந்தனையுடன் கடிதம் தந்தார். அந்த நிபந்தனைக்கு நான் இன்றும் நன்றியுடையவன். உரிமம் கையில் வந்த பிறகும், களப்பணி செய்யவிருக்கும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆணையரையும் கல்வி இயக்குநரையும் சந்தித்துத் தெரிவித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிடக் கூடாது. முராங்காவில் கல்வி அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவர்தான், தன் பாட்டி வளர்ந்த கிராமத்துக்கு என்னை அனுப்பிவைத்தார்.

கென்ய தேசிய ஆவணக் காப்பகம் நைரோபியின் மோய் அவென்யூவில், பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. கீழ்த்தளத்தில், 1966இல் சில மாதங்கள் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜோசப் முரும்பியின் கலைச் சேகரிப்பு இருக்கிறது. கோவா வழித் தந்தைக்கும் மசாய் தாய்க்கும் பிறந்த அவர் பள்ளிப்படிப்பை இந்தியாவில் முடித்தவர் என்பதால், அந்த முகமூடிகளையும் மரச்சிற்பங்களையும் கடந்து மாடிக்குப் போகும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உரிமை உணர்வு ஏற்பட்டதுண்டு. ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாசகராகப் பதிவு செய்துகொண்டால், பையை வெளியே வைத்துவிட்டுத் தாளும் பென்சிலுமாக உள்ளே போகலாம்.

ஃபோர்ட் ஹால் மாவட்ட ஆணையரின் கோப்புகள் ‘டி.சி./எஃப்.எச்.’ என்ற குறியீட்டில் தொடங்குகின்றன. பட்டியலைப் பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, உதவியாளர் கோப்பை எடுத்துவரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்ட கோப்பு இடத்தில் இல்லை என்ற பதில் வருவதும் வழக்கம்தான். அங்குள்ள பணியாளர்களிடம் என்ன தேடுகிறோம் என்பதை விளக்கமாகச் சொல்லுங்கள் என்பதுதான் நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள அறிவுரை. பட்டியலில் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் நான் தேடிக்கொண்டிருந்தவற்றைச் சமூக வளர்ச்சித் துறையின் கோப்புகளிலும் பார்க்கும்படி சொன்னவர், பல்லாண்டுகளாக அங்கே பணியாற்றும் ஒரு மூத்த உதவியாளர். பெண்களுக்கான தையல் வகுப்புகள், சத்துணவுக் கூடங்கள் என்ற தலைப்புகளின் கீழ் கிராமங்களில் நிலவிய பசி பதிவாகியிருந்தது அங்கேதான்.

இந்தக் கோப்புகளில் நான் அதிகம் சார்ந்தவை பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கைகள். மாற்றலாகிப் போகும் அதிகாரி, அடுத்து வருபவருக்காக, எந்தத் தலைவர் நம்பத்தக்கவர், எந்த மலைமுகடு தொல்லை தரும் என்றெல்லாம் மனம் திறந்து எழுதிவைத்த குறிப்புகள் அவை. மேலிடத்துக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகளில் வளர்ச்சிப் பணி என்று வருணிக்கப்படும் படிவரப்பும் சாலையும் இவற்றில் கட்டாய வேலையாகவும் தண்டனையாகவும் வெளிப்படுகின்றன. இந்த இரண்டு வகை அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதற்கே என் நைரோபி நாட்களில் பெரும்பகுதி செலவாயிற்று. அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

முராங்கா, ஒன்றையடுத்து ஒன்றாக நீளும் மலைமுகடுகளின் நாடு. வீடுகள் சரிவெங்கும் விலகி விலகி இருப்பதுதான் அங்கே பழைய வழக்கம். முகட்டின் மேல் நெருக்கமாகக் குடிசைகள் தெரிந்தால், அது பெரும்பாலும் அவசரநிலைக் காலத்தில் உண்டான குடியிருப்பாக இருக்கும். இவற்றை இன்றும் ‘காலனிக் கிராமம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஆண்கள் முகாம்களில் அடைபட்டிருந்த அதே ஆண்டுகளில், சிதறிக் கிடந்த நிலத் துண்டுகளை ஒன்றாக்கிப் பட்டா வழங்கும் வேலையை அரசு வேகமாக நடத்தியது. நேரில் நின்று உரிமை கோர முடியாதவர்கள் நிலத்தை இழந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் பலர் இந்தக் கிராமங்களிலேயே, கால் வைத்திருக்கும் மண்ணுக்குப் பட்டா இல்லாமல் வாழ்கிறார்கள். ஆகவே நான் கேட்ட கேள்விகள் எதுவும் அவர்களுக்குப் பழங்கதை இல்லை.

கல்வி அலுவலர் அனுப்பிய வீட்டில் இருந்த பாட்டி, கிராமத்தில் அடைக்கப்பட்டபோது பத்து வயதைக் கடந்த சிறுமி. எனக்கு உதவிய இளம் ஆய்வாளர் அவரை ‘ஷோஷோ’ என்று பாட்டி முறை சொல்லி அழைத்து, கிகூயுவில் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினார். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாளைத் தள்ளிவைத்தார். “உட்காருங்கள், எல்லாம் சொல்கிறேன். ஆனால் கைநாட்டு மட்டும் கேட்காதீர்கள். என் அம்மா ஒரு தாளில் விரலை வைத்த பிறகு எங்கள் தோட்டம் எங்களுடையதாக இல்லை” என்றார். வாய்மொழி ஒப்புதலுக்கும் நெறிமுறைக் குழுவிடம் முன்பே அனுமதி பெற்றிருந்ததால் அவருடைய சொற்களையே பதிவு செய்துகொண்டோம். விண்ணப்பிக்கும்போதே இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். காட்டின் ஓரமாக 50 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்ட அகழியைப் பற்றி நூல்களில் படித்திருந்தேன். விடியுமுன் காவலர் விசில் ஊதியதும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை மூத்த பிள்ளைகளிடம் விட்டுவிட்டு மண்வெட்டியோடு வரிசையில் நின்றதையும், மாலையில் திரும்பி வந்தபின் தோட்டத்துக்குப் போய்வர ஒரு மணி நேரம்தான் கிடைத்ததையும் அந்தப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். மாவ் மாவ் இயக்கத்துக்கான பிரமாணம் எடுத்துக்கொண்டதைப் பற்றி அவர் பேசவில்லை; நாங்களும் கேட்கவில்லை. மாவ் மாவ் இயக்கத்தின் மீதான சட்டத் தடை சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்து 2003இல்தான் நீக்கப்பட்டது என்பதை நினைத்தால் அந்த மௌனத்தின் காரணம் புரியும்.

தென்மேற்கு லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியாகத்தான் போனேன். 1963இல் கென்யா விடுதலை பெறும் தறுவாயில் சுமார் 1,500 கோப்புகள் அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டன. பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய தாள்களைப் புதிய அரசுகளிடம் விடக் கூடாது என்று 1961இலேயே குடியேற்ற நாடுகளுக்கு உத்தரவு போயிருந்தது. எரிப்பதாக இருந்தால் சாம்பலையும் உடைத்துத் தூளாக்க வேண்டும் என்றுகூட அறிவுறுத்தல் இருந்தது. 1967இல் கென்யா கோப்புகளைத் திருப்பிக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். முகாம்களில் வதைபட்ட ஐந்து முதியவர்கள் 2009இல் லண்டனில் தொடுத்த வழக்கின் விளைவாகத்தான், ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் அவை இருப்பதை 2011இல் அரசு ஒப்புக்கொண்டது. 2013 ஜூனில் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு தரப்பட்டு வழக்கு தீர்ந்தது. கோப்புகள் 2012 முதல் ‘எஃப்.சி.ஓ. 141’ என்ற வரிசையில் படிக்கக் கிடைக்கின்றன.

கியூவில் படிப்பது மிக எளிது. வாசகர் சீட்டுக்குக் கட்டணம் இல்லை, கோப்பைக் கணினியில் கேட்டுப் பெறலாம், சொந்தக் கேமராவில் விரும்பிய அளவு படம் எடுத்துக்கொள்ளலாம். இந்த எளிமைதான் என்னை மிகவும் வருத்தியது. எனக்கு நைரோபியில் இணைப்புக் கடிதம் தந்த பேராசிரியரின் மாணவர்களில் எவரும், தங்கள் தாத்தா பாட்டியைப் பற்றிய இந்தத் தாள்களை நேரில் பார்த்ததில்லை. விசாவுக்கும் விமானத்துக்கும் அவர்களிடம் பணம் இல்லை. சுதந்திரமாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மூலங்கள் கென்யாவுக்குத் திரும்பாமல் இருப்பதை ஏற்றுக்கொள்ள எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கியூவுக்கு முதலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். அங்கிருந்து தொடங்கினால் ஆளுநர் மாளிகையின் கேள்விகளே நம் கேள்விகளாகிவிடும். மாவட்டக் கோப்புகளையும் மனிதர்களையும் பார்த்த பிறகு போனதால்தான், எந்த முகடு, எந்த மாதம், எந்த அதிகாரி என்று குறித்துவைத்துத் தேட முடிந்தது. கியூவில் நான் பார்த்த கென்யக் கோப்புகளின் எண்களையும், ஒவ்வொன்றிலும் முராங்கா தொடர்பாக என்ன இருக்கிறது என்பதையும் பட்டியலாக்கி அந்தப் பேராசிரியரின் துறைக்கு அனுப்பிவிட்டேன். இப்போது நேர்காணல்களின் கிகூயு எழுத்துப்படியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் பேசியவர்களின் குடும்பங்களுக்கு ஒவ்வொரு படியும், ஆய்வேட்டின் படி நகோஸ்டிக்கும் போய்ச் சேரும்.