24 கிலோநியூட்டன் தாங்கும், பதறும் கையைத் தாங்குமா?

மரமேறும் போட்டி என்றதும் நம்மவர்களுக்குப் பனையேற்றம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. மரம் கழிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் என்ற பட்டைக் கச்சை மாட்டி, கயிற்றில் தொங்கியபடி கிளை கிளையாகப் போய் மணியடிப்பதும், மேலே மாட்டிக்கொண்ட ஆள் பொம்மையைப் பத்திரமாக இறக்குவதுமாக நடக்கும் போட்டி. 1976ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆரம்பித்தது, இன்று உலக சாம்பியன்ஷிப் வரை வளர்ந்திருக்கிறது.

இந்தப் போட்டிகளில் எனக்குப் பிடித்த இடம் மரத்தடி இல்லை, அதற்கு முன்னால் நடக்கும் கியர் செக் மேசை. போட்டியாளர் தன் சாமான்கள் எல்லாவற்றையும் பரப்பி வைக்க வேண்டும். பரிசோதிப்பவர் கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டு உருவிக்கொண்டே போவார், எங்காவது மெத்தென்று இருந்தால் நின்றுவிடுவார், அந்த இடத்தை மடித்துப் பார்ப்பார். கயிற்றை ஹார்னஸோடு இணைக்கும் கொக்கி வளையமான காரபினரைத் திறந்துவிட்டு, தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா என்று கவனிப்பார். மரத்தொழிலுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரவிதி இசட்133 படி ஏறும் கயிறு குறைந்தது 5,400 பவுண்டு, அதாவது சுமார் 24 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், காரபினர் 5,000 பவுண்டு. இதெல்லாம் சுலபம். லேபிளில் எண் இருக்கிறதா, சரி, அடுத்தது.

சிக்கல் வருவது புதுக் கருவி மேசைக்கு வரும்போது.

ரோப் ரென்ச் என்ற கருவி நல்ல உதாரணம். ஏறுகிறவரைக் கயிற்றில் பிடித்து நிறுத்துவது உராய்வு முடிச்சு, கயிற்றைச் சுற்றிப் போட்டு எடை விழுந்தால் இறுகிக்கொள்ளும் முடிச்சு அது. கயிற்றைக் கிளைமேல் போட்டு இரண்டு பக்கமும் தொங்கினால் உராய்வு முடிச்சுக்குப் பாதி எடைதான். ஒற்றைக் கயிற்றில் மொத்த எடையும் முடிச்சில் விழும், அது இறுகிப் போய் அசையாது. 2010 வாக்கில் கெவின் பிங்ஹாம் என்ற அமெரிக்க மரத்தொழிலாளி முடிச்சுக்கு மேலே ஒரு சின்னக் கருவியை வைத்து, கயிற்றை லேசாக வளைத்து, உராய்வில் ஒரு பங்கை அங்கே தள்ளிவிட்டார். ஒற்றைக் கயிற்றில் ஏறியவர் அதே முடிச்சில் இறங்கவும் முடிந்தது. சரி, இதை எந்தத் தரத்தில் சோதிப்பது? ஆளைப் பிடித்து நிறுத்துவது முடிச்சு, ரென்ச் இல்லை. அதைத் தனியாக இழுத்து உடைத்துப் பார்த்து எழுதும் எண்ணால் பெரிய பிரயோஜனம் கிடையாது. முடிச்சுக் கயிறு, ஏறும் கயிறு, ரென்ச் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் இருந்தால் போதுமே என்பார்கள். ஐரோப்பாவில் உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்கும் சாதனம் மூன்றாம் வகைப் பாதுகாப்புச் சாதனம். வெளி ஆய்வு நிறுவனம் சோதித்த பிறகே விற்க முடியும். ஆனாலும் 2013ல் பெட்சில் நிறுவனம், உராய்வு முடிச்சுக்குப் பதிலாக மாட்டும் தன் ஜிக்ஜாக் என்ற இயந்திரக் கருவியை, விரிசல் தென்பட்டதால், விற்பனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே திரும்பப் பெற்றது. அதற்காகச் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் யாரும் மேலே போகவே கூடாது. அதோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

என் கவலை உடைவதைப் பற்றிக்கூட இல்லை, கையைப் பற்றி. வழுக்குகிறவன் என்ன செய்வான்? எது கையில் இருக்கிறதோ அதை இறுக்கிப் பிடிப்பான். உராய்வு முடிச்சின் தலையைப் பிடித்தாலோ பல இயந்திரக் கருவிகளின் நெம்புகோலை அழுத்தினாலோ அது பிடியை விட்டுவிடும், ஆள் கீழே போவான். கட்டட வேலைக்கான சில இறங்கு கருவிகளில் பதற்றத்தில் அதிகம் இழுத்தால் தானே நின்றுவிடும் அமைப்பு உண்டு. மரக் கருவிகளில் பெரும்பாலும் அது இல்லை, இருந்தால் வேகம் போய்விடும் என்று ஏறுகிறவர்களே வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கிளை நுனிக்கு நடக்கும்போது நொடிக்கு நொடி கயிறு விட்டு வாங்க வேண்டும்.

அதனால் விதி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். புதுக் கருவியோடு வருகிறவர், போட்டியில் மாட்டப்போகும் அதே கயிற்றில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கிக் காட்டட்டும். ஜிக்ஜாக்குக்கு 11.5 முதல் 13 மில்லிமீட்டர் கயிறு என்றால் அளந்து பாருங்கள். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குலுக்கு. கை எங்கே போகிறது, கருவி என்ன செய்கிறது என்று பரிசோதகர் எழுதி வைக்கட்டும், அடுத்த ஊர்ப் போட்டிக்கும் அந்தத் தாள் போகட்டும். வீட்டுப் பட்டறையில் செய்த மாதிரியை மட்டும் போட்டி மரத்தில் விடவே வேண்டாம். கண்டுபிடிப்பு நின்றுவிடும் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும், முயன்று பார்க்க வேலை நாளில் தாழ்ந்த கிளைகள் நிறைய இருக்கின்றன.