பூ உதிர்ந்த ஆர்க்கிட்: வேரைப் பார்த்து வளர்க்கிறேன்

ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிடில் பூ உதிர்ந்ததும் பலர் செடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மறுபடி பூக்க வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்து வைத்தேன். இப்போது புதுப் பூந்தண்டு விட்டிருக்கிறது.

முதலில் தொட்டியை மாற்றினேன். வேரைச் சுற்றி ஸ்பேக்னம் பாசி இறுகிப்போய் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அழுகிக் கொழகொழப்பான வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டினேன். கெட்டியான வேர்களை அப்படியே வைத்துக்கொண்டு, மரப்பட்டைத் துண்டுகள் போட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நட்டேன். இது காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் வைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

இந்த வேர்தான் என்னை மிகவும் கவர்ந்தது. அதன் மேல் வெலமென் என்று ஒரு உறை இருக்கிறது. முழுக்க இறந்த செல்களால் ஆனது. தண்ணீர் பட்டதும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். நனைந்தால் உறை ஒளியை உள்ளே விடுவதால், உள்ளிருக்கும் பச்சையம் தெரிய ஆரம்பிக்கும். அதனால் நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. வேர் பச்சையாக இருந்தால் தொட மாட்டேன். வெள்ளியாக மாறினால் நன்றாக நனைத்து, முழுக்க வடிய விடுவேன். இலைகளின் நடுவில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும், அங்கே மட்டும் துணியால் ஒற்றிவிடுவேன்.

சில மாதங்கள் இலையும் வேரும் மட்டும்தான் வந்தன. வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இந்தச் செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால்தான் பூந்தண்டு கிளம்பும். குளிர்காலத்தில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தேன். அப்புறம் ஓர் இலையின் அடியிலிருந்து பச்சை முனை எட்டிப் பார்த்தது. வேரா தண்டா என்று சில நாட்கள் புரியவில்லை. வேரின் நுனி மழமழவென்று உருண்டிருக்கும். தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, மேலே செதில் மூடியிருக்கும். செதில் தெரிந்ததும் வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

விதையிலிருந்து வளர்க்கும் ஆசையும் இருந்தது, அதை விட்டுவிட்டேன். ஆர்க்கிட் விதை தூசு மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிட்டத்தட்டக் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகாரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டினார். ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய சூழல் வேண்டும்.

தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைந்து வளர்கிறது. தொட்டியை இப்போது திருப்பினால் பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும், அதனால் அசைக்காமல் விட்டிருக்கிறேன். பழுத்த பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு பட்டால் மொட்டு உதிரும் என்பதால் பழக்கூடையும் வேறு அறைக்குப் போய்விட்டது. தண்டு இன்னும் கொஞ்சம் நீண்டதும் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும்.